ஒச்சாண்டியின் இடது கண்

தேவாரத்தில் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டால் ஒச்சாண்டியிடம்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கோம்பையிலும் பண்ணைப்புரத்திலும் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் கட்டினது ஒரு கோடைக்கு ஓடினால் இவர் கட்டினது நாலு கோடைக்கு ஓடும். இதை நான் சொல்லவில்லை, தோட்டக்காரர்கள் சொல்வது. மனுஷன் தன் வேலையைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை பெருமையாகச் சொன்னதில்லை. வேறு எதைப் பற்றியும்தான் சொன்னதில்லை.

நான் கஸ்தூரியம்மாள். மெயின் ரோட்டில் ஐந்து வீடுள்ள ஒரு காம்பவுண்டில் குடியிருக்கிறேன். ரோட்டைப் பார்த்த முன் அறைகள் இரண்டு. ஒன்றில் அவருடைய மோட்டார் கடை, இன்னொன்றில் என் இட்லிக் கடை. கடைக்குப் பின்னாலேயே அவரவர் வீடு. வீட்டின் பின்கதவைத் திறந்தால் பொது முற்றம், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். அந்தக் குழாயடியில் பேசாத விஷயம் தேவாரத்தில் எங்கேயும் நடக்காது.

என் வீட்டுக்காரர் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவரும் ஒச்சாண்டியும் பங்காளிகள், இவர் இளையவர். அந்த முறைக்கு நான் இவருக்கு மதினி. எங்கள் பக்கம் மதினியும் கொழுந்தனும் கேலி பேசிக்கொள்ளலாம், கூட இருக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். புருஷன் செத்துப்போனவளுக்கு அந்தக் கேலி ஆகாது. அவரை அண்ணே என்று கூப்பிடுகிற முறையாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு சொல்ல வேண்டியிருந்திருக்காது. அண்ணன் கண்ணில் தங்கச்சி மருந்து விட்டால் எவளும் வாய் திறக்க மாட்டாள்.

அவருக்கும் கல்யாணம் ஆனதுதான். தேவதானப்பட்டிப் பெண், பேர் மகாலட்சுமி. இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை. பேசவே மாட்டேங்கிற மனுஷனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று கேட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பெரியவர்கள் உட்கார்ந்து தீர்த்துவிட்டார்கள். அவள் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டாள், பிள்ளை குட்டி என்று நன்றாக இருக்கிறாளாம். இவர் பிறகு பண்ணிக்கொள்ளவில்லை. முப்பது வருஷமாகச் செம்புக் கம்பியோடும் வார்னிஷ் வாசனையோடும் காலம் போகிறது. காலையில் என் கடையில் நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி மட்டும், சாம்பார் வேண்டாம். மத்தியானமும் ராத்திரியும் தானே பொங்கித் தின்பார். திருவிழாவுக்குக் கடையைச் சாத்திவிட்டு உள்ளே படுத்துக் கிடப்பார். தீபாவளிக்கு யாராவது கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பார். தீபாவளியன்றைக்கு என்ன மோட்டார் வேலை? எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? என் மகன் வேல்பாண்டி கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறான், ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறிச் சாயங்காலம் இறக்குகிற வேலை. தீபாவளிக்கு வந்து காலில் விழுந்துவிட்டு மத்தியானமே கிளம்பிவிடுவான். அதற்குப் பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாகத்தான் கிடப்போம்.

மூன்று வருஷத்துக்கு முந்தி அவர் கட்டிய மோட்டார் ஒன்று ஒரே வாரத்தில் புகைந்து திரும்பி வந்தது. அப்படி நடந்ததே கிடையாது. கம்பி மேலே இருக்கிற எனாமல் ஒரு இடத்தில் உரிந்திருந்தது, அதைப் பார்க்காமலே சுற்றிவிட்டிருக்கிறார். வந்த தோட்டக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, இவர்தான் அன்றைக்கெல்லாம் அந்தக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டபோது நான்தான் விரட்டி அனுப்பினேன். இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணில் முற்றிவிட்டது, முதலில் அதை எடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு திங்கட்கிழமை வேனில் ஏற்றிப்போய் ஆபரேஷன் செய்து, மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு இறக்கிவிட்டார்கள். கையில் ஒரு பையும் ஒரு அட்டையும் இருந்தன. பைக்குள் இரண்டு சொட்டு மருந்துக் குப்பி. முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவை, அடுத்த வாரம் ஐந்து, அப்படியே குறைத்துக்கொண்டு வர வேண்டும். வீட்டில் மருந்து விடுகிற ஆள் யார் என்று அட்டையில் ஓர் இடம் இருந்தது. அதில் கஸ்தூரியம்மாள் என்று எழுதியிருந்தது.

எனக்குச் சுர்ரென்று வந்தது. என்னைக் கேட்டாரா? ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? முற்றத்தில் நின்று நன்றாக நாலு வார்த்தை கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே, அவர்கள் ஒரு பேரைச் சொல்லச் சொன்னார்கள், வேறு பேர் வாயில் வரவில்லை என்றார். அதற்கு மேல் என்னத்தைத் திட்டுவது? சோப்பைப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒளிவு மறைவு வேண்டாம் என்று அவருடைய பின்கதவு நிலைக்கு வெளியே, முற்றத்தில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில்தான் உட்கார வைப்பேன். தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வார். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து, குப்பியின் மூக்கு கண்ணில் படாமல் ஒரு சொட்டு. கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அடுத்த குப்பியை விட ஐந்து நிமிஷம் ஆக வேண்டும். அந்த ஐந்து நிமிஷம் நான் எங்கேயும் போக முடியாது, அவரும் கண்ணைத் திறக்க முடியாது. அதில்தான் மனுஷன் பேச ஆரம்பித்தார். முதல் நாள் வார்னிஷ் விலை ஏறினதைச் சொன்னார். இரண்டாம் நாள் வைகை அணைக்கு மகாலட்சுமியைக் கூட்டிக்கொண்டு போனதைச் சொன்னார். அணையைப் பார்த்ததும் அவள் ஓயாமல் பேசினாளாம், இவருக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லையாம். திரும்புகிற பஸ்ஸில் அவள் அழுதாளாம். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று வருஷக் கணக்கில் யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மனுஷன் இதைச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? நானும் என் கதையை அவிழ்த்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை, தடவைக்கு ஐந்து நிமிஷம். அடுப்பில் இட்லி ஏற்றியிருந்தால்கூட இறக்கி வைத்துவிட்டு ஓடுவேன். எனக்கு அந்த நேரங்கள் பிடித்திருந்தன, அதைச் சொல்வதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. குழாயடியில் ஜக்கம்மா குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வீட்டுக்காரி, வாய்க்குப் பூட்டே இல்லாதவள். கொழுந்தனுக்குக் கண்ணு தெரியுதோ இல்லையோ, மதினி மூஞ்சி நல்லாத் தெரியும்போல என்றாள். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பதிலுக்குக் கேட்ட கேள்வியில் அவள் குடம் நிறைவதற்குள் போய்விட்டாள். ஆனால் அன்று சாயங்காலம் வேல்பாண்டி போன் பண்ணினான். கம்பம் ஜீப் ஸ்டாண்டில் யாரோ அவனிடம் கேட்டார்களாம்.

"ஆத்தா, நாலு பேரு என்னையப் பாத்துச் சிரிக்கிறாய்ங்க. நா அங்கன தலைகாட்டணுமா வேண்டாமா?"

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று எனக்குத் தெரியும். ஜக்கம்மாவுக்குப் பயப்படுகிற ஆளும் இல்லை நான். பெற்ற பிள்ளை கேட்டதும் உடம்பு கூசிப்போய்விட்டது. அன்று ராத்திரி மருந்தை விட்டுவிட்டு, நாளையிலிருந்து நீங்களே கண்ணாடியைப் பார்த்து விட்டுக்கொள்ளுங்கள், கை நடுங்கினால் மருந்துக் கடைக்காரரிடம் போய் விடச் சொல்லுங்கள் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சரி மதினி என்றார், குப்பிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் நான் என் பின்கதவைத் திறக்கவில்லை. தண்ணீரைக்கூட அதிகாலையில் ஒரு முறை பிடித்து வைத்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் கை தானாகக் குப்பியை வாங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். அவர் இட்லிக்கும் வரவில்லை. கோபம்போல என்று நினைத்தேன். கோபம் இருந்தால் இருக்கட்டும் என்று எனக்கும் வீம்பு. செவ்வாய்க்கிழமை காலையில் மோட்டாரோடு வந்த ஒருவர், கதவைத் தட்டினால் முனகல் சத்தம் மட்டும் கேட்கிறது என்று என் கடையில் வந்து சொன்னார். பின்பக்கமாக ஓடினேன். கதவு திறந்துதான் கிடந்தது. கட்டிலில் கிடந்தார். இமை வீங்கி மூடியிருந்தது, ஓரத்தில் சீழ் வடிந்து காய்ந்திருந்தது. ஒரு நாளாகத் தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். வலி வந்தால் உடனே போன் பண்ண வேண்டும் என்று அட்டையில் பெரிய எழுத்தில் நம்பர் போட்டிருந்தது. அட்டை தலைமாட்டில்தான் கிடந்தது.

கார் பிடித்துத் தேனி போய், அங்கிருந்து மதுரைப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். பிறகு ஒரு ஆபரேஷன் செய்தார்கள். கண் உருண்டை தப்பித்தது, பார்வை போய்விட்டது. விளக்கு எரிகிறதா அணைந்ததா என்றுகூட அந்தக் கண்ணுக்குத் தெரியாது. டாக்டர் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவரிடம் கேட்டார், சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டீர்களா என்று. நேரம் தவறாமல் நானே விட்டுக்கொண்டேன் என்றார் அவர். அப்படியானால் யாரையும் குறை சொல்வதற்கில்லை, ஆயிரத்தில் ஒருவருக்கு எல்லாம் சரியாகச் செய்தும் வந்துவிடுகிறது என்றார் டாக்டர்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நான் இரண்டு வருஷத்தை ஓட்டினேன். எல்லாம் சரியாகச் செய்தும் வந்துவிடுகிறது. இட்லி மாவு ஆட்டும்போது அதைச் சொல்லிக்கொள்வேன். அவர் என்னை ஒரு நாளும் குற்றம் சொல்லவில்லை. மறுபடியும் இட்லிக்கு வந்தார், நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் மாதக் கணக்கில் வேல்பாண்டியோடு பேசவில்லை, ஜக்கம்மா மூஞ்சியில் இன்றுவரை முழிக்கவில்லை. அந்த ஐந்து நிமிஷப் பேச்சு திரும்ப வரவே இல்லை. வந்து சாப்பிட்டதும் காசை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

பிறகு வலது கண்ணும் மங்க ஆரம்பித்தது. எனாமல் கம்பியை ஜன்னல் வெளிச்சத்தில் மூக்குக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பார். ஆட்களைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். போன பங்குனியில் ஒரு வாரத்துக்கு இரண்டு மோட்டார்கூட வரவில்லை. ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னால், இருக்கிறது ஒன்று, அதையும் கொடுத்துவிட்டு என்ன செய்வது என்பார். நியாயம்தானே? செய்துகொண்டு சீழ் பிடித்தால் முழுக் குருடு. செய்யாவிட்டாலும் ஒரு வருஷத்தில் முழுக் குருடு. பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை, கையைப் பிடித்துக் கூட்டிப்போகவும் ஆள் இல்லை. அந்த மனுஷனுக்கு மிச்சம் இருந்தது வேலை ஒன்றுதான், அதுவும் அந்தக் கண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு நாள் பட்டப்பகலில், ரோட்டில் ஆள் நடமாடுகிற நேரத்தில், அவர் கடைக்குள் போய் நின்றேன்.

"கொழுந்தனாரே, ஆபரேசனப் பண்ணிக்கங்க. இந்தத் தடவ நா விடுறேன் மருந்து. ஒரு மாசமும் விடுறேன். எவன் என்ன பேசினாலும் பேசிக்கிறட்டும், எம்மகனே பேசினாலும் சரி."

ரோட்டில் போனவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். பார்ப்போம் மதினி என்றார். நான் அன்றைக்கே புது சோப்பும் நாலு வெள்ளைத் துண்டும் வாங்கி, துண்டுகளை வெந்நீரில் அலசிக் காயப்போட்டேன். மனசுக்குள்ளே ஒரு சந்தோஷம்கூட இருந்தது. விட்டதைத் திரும்பப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த வாரத்திலேயே போடி கண் பரிசோதனை மையத்திலிருந்து அபிதா சிஸ்டர் வந்தாள். கூடலூர்ப் பெண், ஊர் ஊராகப் போய்ப் பழைய நோயாளிகளைப் பார்க்கிற வேலை. மதுரையில் ஒரு புது முறையைச் சோதனையாகச் செய்துபார்க்கிறார்கள் என்றாள். புரையை எடுத்து லென்ஸ் வைத்து முடிக்கும்போதே சீரகத்தில் பாதி அளவுக்கு ஒரு மருந்துத் துண்டைக் கண்ணுக்குள் வைத்துவிடுவார்களாம். அது கிருமிக்கும் வீக்கத்துக்கும் உள்ள மருந்தை வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டுத் தானே கரைந்துவிடுமாம். வெளியிலிருந்து விடுகிற சொட்டு கண்ணீரோடு ஓடிவிடுகிறது, அதனால்தான் ஆறு தடவை விட வேண்டியிருக்கிறது, இது அப்படி இல்லை என்றாள்.

ஒச்சாண்டி அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு தானாக ஒரு கேள்வி கேட்டார். திராட்சைத் தோட்டத்தில் வேரடியில் விடுகிற சொட்டுநீர் மாதிரியா என்றார். அதேதான் ஐயா என்றாள். அப்படியானால் சொட்டு மருந்தே விட வேண்டாமா என்றார். வேண்டாம், ஆனால் சோதனை என்பதால் நூற்றுக்கு நூறு என்று நான் சொல்ல மாட்டேன், மறுநாளும் ஒரு வாரத்திலும் ஒரு மாதத்திலும் வந்து காட்ட வேண்டும், கண் சிவந்தாலோ வலித்தாலோ அந்த நிமிஷமே போன் பண்ண வேண்டும் என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, வீட்ல மருந்து விட ஆளு இல்லாதவுகளுக்குத்தான் இது ரொம்ப ஒதவும்."

நான் பக்கத்திலேதான் நின்றேன். ஆள் இதோ நிற்கிறேனே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் முந்திக்கொண்டு, இதைச் செய்துகொள்கிறேன் என்றார்.

சம்மதப் படிவம் நாலு பக்கம். அவர் கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை, நான்தான் வாசித்தேன். எட்டாவது படித்திருக்கிறேன், தடவித் தடவி வாசித்துவிடுவேன். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் மற்ற வைத்தியம் தடைபடாது, இப்படி ஒவ்வொன்றாக வந்தது. கடைசிப் பக்கத்தில் உடன் இருந்து கவனித்துக்கொள்பவர் பெயர் என்று ஒரு கோடு. வாசித்துவிட்டுப் பேனாவை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"யாருமில்லைன்னு எழுதுங்க மதினி," என்றார்.

எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். எனக்கு இது வேண்டியதுதான் என்றும் தோன்றியது, இந்த மனுஷனுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா என்றும் தோன்றியது. ஆனால் பயமும் ஒரு பக்கம் குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும். என் கையை நம்பி அந்தக் கண் இல்லை என்றதும் ஒரு நிம்மதி.

ஆபரேஷனுக்கு ஒரு துணை கட்டாயம் என்றதால் நான் மதுரைக்குப் போனேன். காத்திருக்கிற கூடத்தில் நூறு பேர் இருந்திருப்பார்கள். ஒவ்வொரு பேராகக் கூப்பிடக் கூப்பிடப் பையனும் மருமகளும் பேரனுமாக எழுந்து ஓடினார்கள். வேல்பாண்டி போன் பண்ணி எங்கே இருக்கிறாய் என்றான். ஒச்சாண்டியோடு மதுரையில் இருக்கிறேன், எவனாவது சிரித்தால் என் நம்பரைக் கொடு என்றேன். அந்தப் பக்கம் ஜீப்பை ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, சாப்பிட்டியா ஆத்தா என்று கேட்டு வைத்துவிட்டான். மறுநாள் கட்டைப் பிரித்தபோது நான் எதிரில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேகையெல்லாம் தெரிகிறது என்றார்.

ஊருக்கு வந்த பிறகு எனக்கு ஒரு வேலையும் இல்லை. சோப்பு உறை பிரிக்காமல் கிடந்தது, துண்டுகள் மடித்தபடி கிடந்தன. பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாளுக்குப் பத்துத் தடவை அவர் வாசலைப் பார்ப்பேன். கண் சிவந்திருக்கிறதா என்று காலையில் இட்லி வைக்கும்போது முகத்தை உற்றுப் பார்ப்பேன். பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. இரண்டாம் வாரம் கண்ணாடி போட்டுக்கொண்டு கடையைத் திறந்தார். மூன்றாம் வாரம் கம்பி சுற்றுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த மாதம் முழுக்க அவருக்கு யாரும் தேவைப்படவில்லை. நானும் தேவைப்படவில்லை. பொழுது போகாமல் ஒரு நாள் ஜக்கம்மாவிடம்கூடப் பேசிவிடலாமா என்று நினைத்தேன், அந்த அளவுக்கு ஆகிவிட்டது.

ஒரு மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனைக்கு மதுரைக்குப் போனோம். வர வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை, நானாகத்தான் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, மருந்துத் துண்டு கரைந்துவிட்டது, கண் சுத்தமாக இருக்கிறது, இனிப் பயம் இல்லை என்றார். பிறகு, இதற்காகவே போடியிலிருந்து வந்திருந்த அபிதா ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். சோதனையில் சேர்ந்த எல்லாரிடமும் கேட்பதுதானாம், சொல்கிற பதில் நாளைக்கு நாலு பேர் கண்ணுக்கு உதவுமாம். வலி இருந்ததா, வெளிச்சத்தில் கண் கூசியதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, போன ஆபரேஷனுக்குச் சொட்டு மருந்து, இதற்கு இது, இரண்டில் எது உங்களுக்கு வசதி, ஏன் என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம், போகவில்லை.

"இதுதான் வசதி. அது ஆளுக்காகக் காத்துக் கெடக்கணும்," என்றார். பிறகு, "இதக் கேக்கிறது நாலு பேரு கண்ணுக்காகன்னு சொல்றீக, அதனால உள்ளதச் சொல்றேன். அப்ப நாலு நாளு விட்டாக. அப்புறம் மூணு நாளு நா மருந்தே விடல. நேரமானா பின்கதவத் தெறந்து வச்சுட்டு ஒக்காந்திருப்பேன், வந்துருவாகன்னு. வரல," என்றார்.

அபிதா எழுதிக்கொண்டாள். யார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் என் பக்கம் திரும்பவில்லை.

தேனி பஸ்ஸில் வலது பக்கத்து இருக்கையில் ஜன்னல் ஓரமாக அவர் உட்கார்ந்தார். நான் பக்கத்திலேயே, அவருடைய இடது பக்கம் உட்கார்ந்தேன். முன்பென்றால் பெண்கள் இருக்கைக்குப் போயிருப்பேன். உசிலம்பட்டி வரைக்கும் அவர் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்க்குள்ளேயே வாசித்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்த மூன்று நாளும் கண் முன்னால் ஓடியது. நான் கதவைச் சாத்திக்கொண்டு வீம்பாக உட்கார்ந்திருந்தபோது, பத்தடி தூரத்தில் இந்த மனுஷன் மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் வந்து உட்கார்ந்து, எழுந்து உள்ளே போயிருக்கிறார்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?" என்றேன்.

"கூப்பிட்டா வந்திருப்பீக. வந்தா மறுபடி ஒங்களத்தான் பேசுவாக."

"நீங்களாச்சும் விட்டுக்கிட்டிருக்கலாம்ல?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். "விட்டுக்கிட்டா நீங்க வர வேண்டியதில்லன்னு ஆயிரும்ல மதினி," என்றார்.

ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு டாக்டர் கேட்டபோது ஒழுங்காக விட்டேன் என்று ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பக்கத்துல நீங்க நின்னீகள்ல," என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேனி வரும் வரைக்கும் அழுதேன். பஸ் இரைச்சலில் பின்னால் இருந்த ஒரு பெண் என் காதோரம் குனிந்து, என்னம்மா என்று தோளைத் தொட்டுக் கேட்டாள். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்தது அவருக்கு இடது பக்கம், நான் அழுதது அவருக்குத் தெரியவில்லை.